நாடகம் போட்டா படிப்பு போயிடுமா? ஒரு நூற்றாண்டைத் தாண்டிய கதை



காலேஜ் ஆண்டு விழா சீசன் வந்தாலே போதும். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் அப்பா அம்மாக்கள், மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"பையன் நாடகக் குழுவுல சேர்ந்துட்டானாம் சார். படிப்பு போயிடுமா?"

மகளாக இருந்தால் கேள்வியே வராது. "அதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன் சார்" என்று முடிவு மட்டும்தான் வரும்.

நான் வேலை பார்ப்பது பழனி மலையில். பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று இந்த மலை முழுக்க இருக்கும் ஊர்களிலிருந்து பிள்ளைகள் காலேஜுக்குக் கீழே இறங்க வேண்டும். பழனி, வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை. பல வீடுகளில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

அதனால் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனசு வராது. இருக்கிற ஒரே வாய்ப்பு கைநழுவிப் போயிடுமோ என்கிற பயம் அது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அந்தப் பயத்தைப் பொய்யாக்கிய வரலாறும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே சொல்லணும்.

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

*

முதலில் பயத்தின் கதை.

நம்ம மலை அடிவாரத்து ஊர்த் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய "வள்ளி திருமணம்" நடக்கும். பார்த்திருப்பீங்க. அந்த நாடகத்தைத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படுபவர்.

அவர் 1918-இல் மதுரையில் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெயரில் இருக்கும் "பால" என்பதைக் கவனிங்க. நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். அதில் சேர்ந்த ஒரு பையனுக்கு வயது 6. பிற்காலத்தில் ஔவை வேடம் போட்டு "ஔவை" சண்முகம் என்றே பெயர் வாங்கிய டி.கே.சண்முகம்தான் அந்தப் பையன்.

இப்படிப் பல பாய்ஸ் கம்பெனிகள் வந்தன. ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு நாடகம் நடத்துவார்கள். பையன்களுக்குச் சாப்பாடு, துணி, தங்க இடம் எல்லாம் கம்பெனி தரும். பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் கற்றுக்கொடுக்கும்.

ஸ்கூல்?

அது கிடையாது. ராத்திரி முழுக்க மேடை, பகலில் தூக்கமும் பாடமும். பாடம் என்றால் நாடகப் பாடம். மாதத்துக்கு ஒரு ஊர் மாறும் பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

பெற்றோர் மனசு கல்லாகிப் போய் அனுப்பினார்களா? இல்லைங்க. வீட்டில் சோறு இல்லை. கண்டிச் சீமையில் பிறந்து, அப்பாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்து, கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். தம்பி மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டார். இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். அண்ணன் சக்ரபாணி. தம்பி பெயரைச் சொல்லத் தேவையில்லை. எம்.ஜி.ஆர்.

ஆக, "நாடகத்துக்குப் போனால் படிப்பு போயிடும்" என்பது ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. நம்ம தாத்தா பாட்டி கண்ணால் பார்த்த உண்மை. "கூத்தாடி" என்று ஏளனமாகச் சொன்னதற்குப் பின்னால் சாதித் திமிரும் இருந்தது, இந்தப் பயமும் இருந்தது.

இந்தக் கதைக்கு இன்னொரு பகுதி உண்டு. அந்த மூன்றாம் வகுப்புச் சிறுவன் முதலமைச்சர் ஆனார். 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். சின்ன வயதில் தான் பட்ட பசிதான் அதற்குக் காரணம் என்று சொன்னவர் அவர். சோற்றுக்காகப் பள்ளியை விட்ட ஒருவர், பள்ளியிலேயே சோறு போட்டார்.

1984-இல் அவர் ஆட்சியில்தான் இங்கே கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது.

எங்களை மாதிரி தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களின் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. பல்கலைக்கழகத்தின் பெயர் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

ஸ்கூலைத் தவறவிட்ட நாடகக்காரப் பையனின் பெயர்தான் எங்கள் டாக்டர் பட்டத்தில் அச்சாகியிருக்கு. யோசிச்சுப் பாருங்க.

*

சரி, இப்போ கொஞ்சம் பின்னால் போவோம். 1891. சென்னை.

பம்மல் விஜயரங்க முதலியார் என்று ஒரு கல்வித்துறை அதிகாரி. அவர் மகன் சம்பந்தம், 1873-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்த பையன். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். தமிழ் நாடகம் என்றால்? கிட்டவே போகமாட்டார். அது படிக்காதவர்கள் விஷயம் என்பதுதான் அன்றைய படித்தவர்களின் நினைப்பு, அவருக்கும் அதே நினைப்பு.

அந்த வருஷம் பெல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்ற தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதை நடத்தியவர் கிருஷ்ணமாசார்லு. தொழில்? வக்கீல்.

சம்பந்தத்துக்கு ஆச்சரியம். ஒரு வக்கீல், வேஷம் கட்டி மேடை ஏறுகிறார். கூட நடிப்பவர்களும் படித்தவர்கள். பார்க்க வந்த கூட்டமும் மரியாதையோடு பார்க்கிறது. இதை நாம தமிழில் செய்தால் என்ன?

1891 ஜூலை 1. பதினெட்டு வயது சம்பந்தமும் நண்பர்களும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். (ஜூலை 1 மருத்துவர் தினமும்கூட. எங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

இது பாய்ஸ் கம்பெனிக்கு நேர் எதிர். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். பகலில் காலேஜ், கோர்ட்டு, ஆபீஸ். அது முடிந்து சாயங்காலம் ஒத்திகை. நாடகம் என்பது வயிற்றுப் பாட்டுக்கு இல்லை, விருப்பத்துக்கு.

படிப்பு என்ன ஆச்சு?

சம்பந்தம் பட்டம் வாங்கினார். சட்டம் படித்தார். வக்கீல் ஆனார். 1924-இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி ஆகி, 1928-இல் ஓய்வு பெற்றார். இதற்கு நடுவில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். "மனோகரா" அவர் எழுதியதுதான். ஹேம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனது, மேக்பெத் மகபதி ஆனது, வெனிஸ் நகர வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். 1959-இல் பத்மபூஷண் விருது. 1964-இல் காலமானபோது வயது 91.

அந்தச் சபையில் நடித்தவர்கள் பட்டியலில் சுதந்திரப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தியும் உண்டு. சபையின் மேடையில் பழகிய குரல், பின்னாளில் சட்டசபையில் வெள்ளைக்காரனை உலுக்கியது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, எப்படி முடிந்தது அவர்களால்?

"திறமைசாலிகள், ஒழுக்கமானவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிதான் பதில். மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நாடகம் நஷ்டமானாலும் ராத்திரிச் சாப்பாடு நிச்சயம். அவர்கள் எல்லாரும் ஒரே ஊர், சென்னைப் பட்டணம். காலேஜ், வீடு, ஒத்திகை இடம் எல்லாம் போய் வரும் தூரத்தில். அப்புறம் அவர்கள் எல்லாரும் ஆண்கள். கதாநாயகி வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். அந்த வீடுகளின் பெண் பிள்ளைகளுக்குக் காலேஜே எட்டாத காலம். காலேஜே இல்லாதவளுக்குக் காலேஜ் நாடகம் எங்கே?

இதே காலகட்டத்தில் நம்ம கொடைக்கானலில் என்ன நடந்தது தெரியுமா? 1901-இல் இங்கே ஒரு நல்ல பள்ளிக்கூடம் வந்தது. இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியின் ஆரம்பம் அது. ஆனால் அன்றைக்கு அது அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக. மலையில் விறகு சுமந்தவர் பிள்ளைக்கு அந்தப் பள்ளியின் மேடை ரொம்ப தூரம்.

ஆக 1891-ம் 1918-ம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரே தமிழ், ஒரே கலை. ஒருவனுக்கு நாடகம் படிப்போடு சேர்ந்து வந்தது. இன்னொருவனுக்குப் படிப்பைத் தின்றுவிட்டு வந்தது. வித்தியாசம் நாடகத்தில் இல்லை. வீட்டு அடுப்பில் இருந்தது.

*

அப்போ வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது சாத்தியமே இல்லையா?

இதற்குப் பதில் தேடினால் கடல் தாண்டணும். இன்னொரு மலை நாட்டுக்கு. இலங்கை, கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைப் பல்கலைக்கழகம்.

1940-களில் இலங்கையில் கன்னங்கரா என்ற கல்வி அமைச்சர் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் வந்தன. விவசாயி பிள்ளை, மீனவர் பிள்ளை எல்லாம் பல்கலைக்கழகம் வரை ஏற ஒரு படிக்கட்டு கிடைத்தது.

1956-இல் பேராதனையின் சிங்கள ஆசிரியர் எதிரிவீர சரச்சந்திர, மாணவர்களை வைத்து "மனமே" என்ற நாடகத்தைப் போட்டார். நாடு முழுக்கப் பேச்சு. பெண் பாத்திரத்தில் பெண்களே நடித்தார்கள். அவர் எடுத்துக்கொண்டது நாடகம என்ற பழைய கிராமியக் கலை வடிவம். அதன் வேரைத் தோண்டினால் நம்ம தமிழ்க் கூத்து வரும்.

அதே வளாகத்தில் தமிழ்த்துறையில் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் சு.வித்தியானந்தன். நம்ம கூத்திலிருந்து போன வடிவத்தை அவர்கள் தேசிய நாடகம் ஆக்கிவிட்டார்கள். நாம கூத்தை ஊர்க் களரியிலேயே விட்டு வைத்திருக்கிறோமே என்ற எண்ணம் அவருக்கு. 1956 என்பது தனிச் சிங்களச் சட்டம் வந்த வருஷமும்கூட என்பதை நினைவில் வைங்க. "எங்களுக்கும் ஒரு கலை இருக்கிறது" என்று சொல்வது அன்றைக்கு வெறும் கலை விஷயம் இல்லை.

அவர் செய்த வேலை இதுதான். மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய ஆடும் கூத்தை எடுத்துக்கொண்டார். கூத்து ஆசானை அண்ணாவியார் என்பார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அந்த அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். இரவு முழுக்க நடக்கும் கூத்தைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினார்.

1962-இல் கர்ணன் போர். 1963-இல் நொண்டி நாடகம். பிறகு இராவணேசன். 1968-இல் வாலிவதை.

ஆடியவர்கள் யார்? பகலில் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எடுத்த மாணவர்கள்.

அவர்களில் ஒருவர், மட்டக்களப்பு அமிர்தகழியில் 1943-இல் பிறந்த சி.மௌனகுரு. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்துவிட்டுப் பேராதனைக்கு வந்தவர். இராவணேசனில் இராவணனாக ஆடியது அவர்தான். பிரதியை எழுதியதும் அவரே.

அவர் படிப்பு கெட்டுப் போச்சா?

எந்தக் கூத்தை ஆடினாரோ, அதையே ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்கள்தான் அவருடைய ஆய்வுத் தலைப்பு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஆட வைத்த வித்தியானந்தன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்ப முக்கியமாகப் படுவது இதுதான்.

பேராதனை ஒரு உறைவிடப் பல்கலைக்கழகம். மாணவர்கள் அங்கேயே விடுதியில் தங்கிப் படித்தார்கள். வகுப்பு முடிந்து அரைமணி நேரத்தில் ஒத்திகை. ஒத்திகை முடிந்து நடந்து போனால் விடுதி, சாப்பாடு, படுக்கை.

சம்பந்த முதலியாரின் நண்பர்களுக்கு வசதி தந்ததை, மௌனகுருவின் நண்பர்களுக்கு இலவசக் கல்வியும் விடுதியும் தந்தன. வீட்டு அடுப்பு செய்ததை இங்கே அரசாங்கத்தின் அடுப்பு செய்தது.

*

இனி நம்ம மலைக்குத் திரும்புவோம்.

கொடைக்கானலிலிருந்து இறங்கி, வத்தலக்குண்டு தாண்டிக் கிழக்கே போனால் திண்டுக்கல் மதுரை சாலையில், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம். இந்த ஊரை உருவாக்கியவர் ஒரு மருத்துவர். டி.எஸ்.சௌந்திரம் அம்மா. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள்.

சின்ன வயதில் கல்யாணம். கணவரும் மருத்துவர். பிளேக் நோயாளிகளைப் பார்க்கப் போய்ப் பிளேக்கிலேயே இறந்துபோனார். அந்தக் கால வழக்கப்படி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண், டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-இல் டாக்டர் ஆனார். பிறகு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். காந்தியின் ஆசியோடு நடந்த திருமணம் அது. 1947-இல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி வந்தது. 1956-இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது. 1976-இல் அது பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தது.

அடுத்த வருஷமே, 1977-இல், அங்கே நடந்த ஒரு நாடகப் பயிலரங்கு தமிழ் நவீன நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். நடத்தியவர் பேராசிரியர் செ.இராமானுஜம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். உடலை, குரலை, மேடை வெளியை எப்படிப் பயன்படுத்துவது என்று முறையாகக் கற்பித்தார். அங்கே கற்றவர்கள் தங்கள் ஊர்களுக்குப் போய்க் குழுக்கள் தொடங்கினார்கள்.

அடுத்த வருஷம், 1978, மதுரை. நிஜ நாடக இயக்கம் பிறந்தது. தொடங்கியவர் மு.இராமசாமி. யார் என்று தெரியலையா? "கே.டி. என்கிற கருப்புதுரை" படம் பார்த்தீங்களா? வீட்டை விட்டு ஓடிவந்து, குட்டிப் பையனோடு சேர்ந்து பிரியாணி தேடிச் சாப்பிடுவாரே அந்தத் தாத்தா, அவர்தான்.

அவரும் ஒரு ஆய்வாளர். டாக்டர் பட்டத்துக்கு எடுத்த தலைப்பு தோல்பாவை நிழல்கூத்து. ஊர் ஊராகப் பாவைக்கூத்துக் கலைஞர்களைத் தேடிப் போய் எழுதிய ஆய்வு. ஆய்வுக்காகப் பார்த்தது மேடைக்கு வந்தது. பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியர் ஆனார்.

"சார், தமிழ் படிச்சவங்களுக்குச் சரி. என் பையன் இன்ஜினியரிங் சார்" என்பீர்கள்.

கிரேசி மோகன் என்ன படித்தார்? கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல். 1972-இல் மாணவராக இருந்தபோது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக அவர் எழுதிய "கிரேட் பேங்க் ராபரி"தான் ஆரம்பம். படிப்பை முடித்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுத்தையும் தொடர்ந்தார். நாம இத்தனை வருஷம் சிரித்ததற்கு அந்தக் காலேஜ் போட்டி ஒரு காரணம்.

*

ஒரு மருத்துவராக நான் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கு.

1963-இல் அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு புது முயற்சி செய்தார். நோயாளியாக நடிக்க ஆளைப் பழக்கினார். எந்த இடத்தில் தொட்டால் வலி, எந்தக் கண் மங்கல், எப்படி நடக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்து, மருத்துவ மாணவர்கள் முன்னால் உட்கார வைத்தார். மாணவர் எப்படிப் பேசுகிறார், எப்படிப் பரிசோதிக்கிறார் என்று பார்த்து மதிப்பிட்டார்.

முதலில் பலர் கேலி செய்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவத் தேர்வுகளில் இந்த முறை இருக்கிறது. நம்ம நாட்டிலும் 2019 முதல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறைக்கென்றே தனிப் பகுதி உண்டு. அதில் மாணவர்கள் மாறி மாறி டாக்டராகவும் நோயாளியாகவும் நடித்துப் பழகுகிறார்கள்.

ஏன்? புற்றுநோய் என்ற செய்தியை ஒரு தாயிடம் எந்தக் குரலில் சொல்வது என்பது எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, ஒரு நொடி நிறுத்தி, பிறகு பேச வேண்டும். அந்த ஒரு நொடியை மேடை சொல்லிக்கொடுக்கும்.

அதே நேரம், நாடகத்துக்காக எல்லாவற்றையும் விட்டுடு என்று நான் சொல்லமாட்டேன். அதுவும் தப்பு.

தூக்கம். பகலில் படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். வசனமும் அப்படித்தான், அனாட்டமியும் அப்படித்தான். ராத்திரி ரெண்டு மணி வரை ஒத்திகை, காலையில் எட்டு மணிக்கு வகுப்பு என்று ஒரு மாசம் ஓடினால் ரெண்டும் மண்டையில் நிற்காது. குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேணும்.

வருகைப் பதிவு. எம்.பி.பி.எஸ்-இல் தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வேண்டும். மற்றப் படிப்புகளிலும் பெரும்பாலும் 75. நாடகத்தில் பரிசு வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சுகுண விலாச சபைக்காரர்கள் வேலை நேரத்தை விட்டுட்டு ஒத்திகை பார்க்கவில்லை. முடிச்சுட்டுப் பார்த்தார்கள்.

நேரம். வித்தியானந்தன் ராத்திரி முழுக்க நடந்த கூத்தை ஒன்றரை மணி நேரமாக்கினார். அதனால் கூத்து செத்துவிடவில்லை. ஒத்திகைக்கும் அப்படி ஒரு எல்லை வைங்க.

*

கடைசியாக ஒன்று. இது மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இல்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கு.

நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் நாடக ஒத்திகை பெரும்பாலும் எப்போ நடக்கும்? சாயங்காலம், வகுப்பு முடிந்த பிறகு.

மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் மனசெல்லாம் பஸ் மேல் இருக்கும். கடைசி பஸ்ஸை விட்டால் மலை ஏற வழியில்லை. காட்டெருமை நடமாடும் ரோட்டில் ஒரு பெண் பிள்ளையை இருட்டில் இறங்க விட எந்த அம்மாவுக்கும் தைரியம் வராது. "அதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன் சார்" என்ற பதிலில் பாதி, இந்தக் கடைசி பஸ்தான்.

அப்போ மேடையில் யார் நிற்பார்கள்? டவுனில் வீடு இருக்கிறவர், சொந்த வண்டி இருக்கிறவர், இரவு தாமதமாக வந்தாலும் கேள்வி கேட்காத வீட்டுப் பையன். திறமையைப் பார்த்து ஆள் எடுத்தோம் என்று நாம நினைப்போம். உண்மையில் பஸ் டைமிங் ஆள் எடுத்திருக்கும்.

1891-இல் பட்டணத்து வசதி ஆள் எடுத்தது. 1918-இல் பசி ஆள் எடுத்தது. 1962-இல் பேராதனையில் மட்டும் விடுதி இருந்ததால் கிராமத்துப் பிள்ளைக்கும் வாசல் திறந்தது. நம்ம கல்லூரிகளில் எல்லாருக்கும் விடுதி தர முடியாமல் இருக்கலாம். வாரத்தில் ரெண்டு நாள், கல்லூரி நேரத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஒத்திகைக்கு ஒதுக்க முடியும் இல்லையா? விளையாட்டுக்கு ஒதுக்குவது போலத்தான்.

2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் டாக்டர் சீட்டு வாங்குகிறார்கள். வகுப்பறை வரை வந்துவிட்டார்கள். மேடை அங்கிருந்து பத்தடி தூரம். அந்தப் பத்தடியை அவர்கள் நடக்க நேரம் கொடுங்க.

அப்பா அம்மாக்களே, உங்கள் கேள்விக்கு என் பதில்.

படிப்பு போகாது. முதலில் அட்டெண்டன்ஸ் எத்தனை சதவீதம் என்று கேளுங்க. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று கேளுங்க. ரெண்டும் சரியாக இருந்தால், நாடகம் எந்தத் தேதியில் என்று கேட்டு, முன் வரிசையில் போய் உட்காருங்க.

மகள் நடித்தாலும் அதே முன் வரிசைதான்.



இப்படிக்கு,
அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.,
பழனி மலை, திண்டுக்கல் மாவட்டம்